ஆண்மைக்குறைவு, இம்பிளாண்ட், ஸ்பெர்ம் கவுண்ட்: ஓபி வாசல்ல திரும்பத் திரும்ப கேக்கற கேள்விகள்

சென்னைல ஒரு யூராலஜி ஓபில கவுன்சிலரா இருக்கேன், டாக்டர் கிடையாது. டாக்டர் ரூமுக்குள்ள வாயே திறக்காம வெளிய வந்து "சார் ஒரு நிமிஷம்"னு ஓரமா கூப்பிட்டு கேப்பாங்க பாருங்க, அந்த கேள்விகளைத்தான் இங்க சேர்த்து வச்சிருக்கேன். கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே. படிச்சிட்டு நீங்களே மாத்திரை வாங்கி போட்டுக்காதீங்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு தெரிஞ்சுக்கிட்டு போறதுக்குத்தான் இது.

சார், சரியா எழும்பவே மாட்டேங்குது. இது நரம்புத் தளர்ச்சி தானே?

பாதிக்கு மேல கேஸ்ல இது ரத்தக்குழாய் பிரச்சனை சார். மூளைல இருந்து நரம்பு வழியா சிக்னல் வரும், அங்க நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும், ரத்தக்குழாய் விரியும், ஆணுறுப்புக்குள்ள இருக்கற ரெண்டு அறைல ரத்தம் நிரம்பும், நிரம்பின அழுத்தத்துலயே வெளிய போற வெயின் அமுங்கி ரத்தம் உள்ளயே நிக்கும். அவ்ளோதான் விறைப்பு. (இந்த நைட்ரிக் ஆக்சைடு உடம்புல என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிச்சதுக்கு 1998ல மூணு பேருக்கு நோபல் குடுத்தாங்க, வயாகராவுக்கு அமெரிக்கால அனுமதி கிடைச்சதும் அதே வருஷம்.) சுகர், பிபி, சிகரெட், கொலஸ்ட்ரால், சில மனநல மாத்திரைங்க, ப்ராஸ்டேட் ஆபரேஷன், முதுகுத்தண்டு அடி, இதுல எது வேணா இந்த வழில எங்கயாவது ஒரு இடத்துல கெடுத்துடும்.

"நான் இதுக்கு வந்தா ஈசிஜி எடுக்க சொல்றாங்களே"ன்னு நிறைய பேர் கோவப்படுவாங்க. காரணம் இருக்கு. ஆணுறுப்புக்கு போற தமனி ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் தான், ஹார்ட்டோட தமனி மூணு நாலு மில்லிமீட்டர். அடைப்பு உடம்பு பூரா ஒண்ணா தான் ஆரம்பிக்கும், ஆனா சின்ன குழாய்ல முதல்ல தெரியும். அதனால நாப்பது வயசுக்கு மேல புதுசா இந்த பிரச்சனை வந்தா அது சில வருஷத்துல வரப்போற ஹார்ட் பிரச்சனைக்கு முன்னறிவிப்பா கூட இருக்கலாம். சுகரும் பார்க்காம ஹார்ட்டும் பார்க்காம வெறும் மாத்திரை எழுதிக் குடுக்கற இடத்தை நான் நம்ப மாட்டேன்.

எனக்கு மட்டும் தான் இப்படியா? ஃப்ரெண்ட்ஸ் யாரும் சொல்லி கேட்டதில்ல

சொல்ல மாட்டாங்க ப்ரோ, நீங்க சொன்னீங்களா? அமெரிக்கால மாசசூசெட்ஸ்ல 1980கள் கடைசில 40ல இருந்து 70 வயசு வரைக்கும் உள்ள ஆம்பளைங்ககிட்ட ஒரு பெரிய ஆய்வு பண்ணாங்க, 52 சதவீதம் பேருக்கு லேசாவோ அதிகமாவோ இந்த தொந்தரவு இருந்துச்சு. நம்ம ஊர்ல தெருவுக்கு தெரு சுகர் வேற.

வயசு 29, ஓஎம்ஆர்ல ஐடி வேலை. காலைல எழுந்திருக்கும்போது எல்லாம் ஓகே, வைஃப் பக்கத்துல போனா தான் போயிடுது. இம்பிளாண்ட் வைக்கணுமா?

வேணவே வேணாம் தம்பி. இம்பிளாண்ட்ங்கறது விறைப்புக்காக ஆபரேஷன் பண்ணி ஆணுறுப்புக்குள்ள வைக்கற சாதனம். தூக்கத்துல, காலைல நல்லா விறைப்பு வருதுன்னா குழாயும் நரம்பும் வேலை செய்யுதுன்னு அர்த்தம். பயம் வந்தா அட்ரினலின் சுரக்கும், அது ரத்தக்குழாயை சுருக்கும், மேல சொன்ன வேலைக்கு நேர் எதிரான வேலை. ஒரு தடவை சொதப்புனா அடுத்த தடவை "இன்னைக்கும் போயிடுமோ"ன்னு பயந்துகிட்டே போறது, அதுவே போக வைக்குது. நைட் ஷிப்ட், கல்யாணமான முதல் வாரமே ரெண்டு வீட்டு ஆளுங்களும் "விசேஷம் உண்டா"ன்னு கேக்கறது, இதெல்லாம் சேர்ந்தா யாருக்கு தான் வரும்.

கவுன்சிலிங், கொஞ்ச நாளைக்கு குறைஞ்ச டோஸ் மாத்திரை, ரெண்டு பேரும் சேர்ந்து உக்காந்து பேசறது, இதுலயே நிறைய பேருக்கு சரியாயிடுது. சந்தேகம் இருந்தா டாக்டர் டாப்ளர் ஸ்கேன் எடுப்பாரு, ஒரு ஊசி போட்டு ரத்த ஓட்டத்தை அளக்கறது. கூகுள்ல பார்த்துட்டு நீங்களே போய் எடுக்க வேண்டிய ஸ்கேன் இல்ல அது.

சின்ன வயசுல கைப்பழக்கம் ரொம்ப இருந்துச்சு. விந்து எல்லாம் வீணா போயி தான் இப்படி ஆயிடுச்சா?

இல்ல. இல்லவே இல்ல. இந்த ஒரு கேள்வியை கேக்க கூச்சப்பட்டே பத்து வருஷம் உள்ளுக்குள்ள வெந்துகிட்டு இருக்கறவங்களை பார்த்திருக்கேன். விந்து தினமும் உற்பத்தி ஆகிட்டே இருக்கற சமாச்சாரம், ரத்தம் சுண்டி விந்து ஆகறதுன்னு சொல்றதுக்கு ஒரு ஆதாரமும் கிடையாது. இந்த பயத்தால சோர்வு, உடம்பு வலி, தூக்கமின்மை எல்லாம் வர்றதை நம்ம நாட்டு மனநல டாக்டர் என்.என்.விக் 1960லயே "தாத் சிண்ட்ரோம்"னு பேர் வச்சு எழுதிட்டாரு. உடம்பு படுத்தறது நிஜம், காரணம் தான் விந்து இல்ல, பயம்.

லாட்ஜ்ல வந்து பார்க்கற வைத்தியர்கிட்ட லேகியம் வாங்குனேன், நல்லா வேலை செஞ்சுது. அதையே தொடரலாமா?

எப்படி வேலை செஞ்சுதுன்னு யோசிச்சு பாருங்க. சாப்பிட்டு ஒரு மணி நேரத்துல எஃபெக்ட், மூஞ்சி சிவக்குது, மூக்கடைக்குது, தலைவலி, இது அப்படியே வயாகரா சாப்பிட்டா வர்றது. மூலிகைன்னு விக்கற நிறைய பொருள்ல வயாகராவோட மருந்தான சில்டெனாஃபிலை கலந்து வச்சிருக்கறதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ திரும்பத் திரும்ப பிடிச்சு லிஸ்ட் போட்டிருக்கு. எவ்ளோ டோஸ்னு உங்களுக்கும் தெரியாது, வித்தவருக்கும் தெரியாது. முறையா படிச்ச சித்த டாக்டரை நான் குறை சொல்லல, பேரும் டோஸும் இல்லாத டப்பாவை தான் சொல்றேன். ஏன் ஆபத்துன்னு அடுத்த பதில்ல இருக்கு.

ஹார்ட்டுக்கு மாத்திரை சாப்பிடறேன். விறைப்புக்கான மாத்திரையும் போடலாமா?

ஹார்ட் மாத்திரை எதுங்கறது தான் கேள்வி. நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடில வைக்கற சார்பிட்ரேட், இல்ல நைட்ரோகிளிசரின், மோனோநைட்ரேட் மாதிரி நைட்ரேட் வகை எது இருந்தாலும் சில்டெனாஃபில், அதே வகை மாத்திரையான டடாலாஃபில் ரெண்டையும் தொடவே கூடாது, பிபி அதலபாதாளத்துக்கு போயி உயிருக்கே ஆபத்து. லேகியம் சாப்பிட்டவர் நெஞ்சு வலின்னு வந்தா டியூட்டி டாக்டர் சார்பிட்ரேட் வைப்பாரு, உள்ள என்ன கலந்திருக்குன்னு யாருக்கும் தெரியாது. சில்டெனாஃபில் போட்டா 24 மணி நேரம், டடாலாஃபில் போட்டா 48 மணி நேரம் நைட்ரேட் குடுக்கக் கூடாது, அதனால கேஷுவாலிட்டில வெக்கப்படாம சொல்லிடுங்க. ப்ராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் மாதிரி சாப்பிடறவங்களும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு தான் ஆரம்பிக்கணும்.

மாத்திரை போட்டு பார்த்தேன், ஒண்ணும் ஆகல. அடுத்தது ஆபரேஷன் தானா?

எப்படி போட்டீங்கன்னு முதல்ல சொல்லுங்க. பிரியாணி சாப்பிட்டுட்டு சில்டெனாஃபில் போட்டா மெதுவா தான் ஏறும், வெறும் வயித்துல ஒரு மணி நேரம் முன்னாடி போடணும். போட்டுட்டு டிவி பார்த்துட்டு உக்காந்திருந்தா எதுவும் வராது, ஆசை, தொடுதல் எல்லாம் வேணும், மாத்திரை அந்த சிக்னலை பெருசாக்கி விடும் அவ்ளோ தான். ஒரே ஒரு தடவை 25 மில்லிகிராம் போட்டுட்டு "வேலை செய்யல"ன்னு வர்றவங்க தான் அதிகம்.

உண்மையிலேயே கேக்கலன்னா அடுத்து வெளிய மாட்டி காத்தை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கற வாக்குவம் பம்ப் இருக்கு, ஆணுறுப்புல நேரா போடற ஊசி இருக்கு. ஊசின்னதும் எல்லாரும் பதறுவாங்க, ஊசி ரொம்ப மெல்லிசு, பழகிட்டா வீட்லயே போட்டுக்கலாம். இந்த ஊசியை உலகத்துக்கு காட்டுன கதை ஒண்ணு உண்டு: 1983ல லாஸ் வேகாஸ்ல யூராலஜி மாநாட்டுல ஜைல்ஸ் பிரிண்ட்லின்னு ஒரு பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர், ரூம்லயே தனக்கு ஊசி போட்டுக்கிட்டு வந்து மேடைல பேன்ட்டை இறக்கியே நிரூபிச்சாரு. கூட்டத்துல குடும்பத்தோட வந்தவங்க கத்திட்டாங்களாம். மனுஷன் பண்ணது டூ மச் தான், ஆனா அதுக்கு அப்புறம் "இதெல்லாம் மனசு சம்பந்தப்பட்டது மட்டும்"னு யாரும் சொல்ல முடியல. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, ஊசியோ மாத்திரையோ போட்டு விறைப்பு நாலு மணி நேரத்துக்கு மேல இறங்கலன்னா அது எமர்ஜென்சி, காலைல பார்த்துக்கலாம்னு படுக்காதீங்க, உள்ள திசுவே செத்துடும்.

பிஆர்பி, ஷாக்வேவ், ஸ்டெம்செல்னு பேக்கேஜ் போட்டு கூப்பிடறாங்களே, ஆபரேஷன் இல்லாம சரியாயிடுமாமே?

ஆராய்ச்சி நடக்குது, அது உண்மை. பிஆர்பிங்கறது உங்க ரத்தத்தையே எடுத்து பிரிச்சு திருப்பி ஊசியா போடறது, கிரீஸ்ல ஒரு ஆய்வு பலன் இருக்குன்னு சொல்லுச்சு, அப்புறம் 2023ல மயாமி யுனிவர்சிட்டி ஆய்வு வெறும் உப்புத்தண்ணி ஊசிக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லன்னு சொல்லுச்சு. ஷாக்வேவ்ங்கறது வெளிய இருந்து ஒலி அலை அடிக்கறது, லேசான ரத்தக்குழாய் பிரச்சனை இருக்கறவங்க சிலருக்கு கொஞ்சம் உதவுது, ஆனா அமெரிக்க யூராலஜி சங்கம் 2018 வழிகாட்டில இது இன்னும் பரிசோதனை நிலைன்னு தான் போட்டாங்க, ஸ்டெம்செல்லும் அப்படித்தான். ஆய்வுல சேர்றதுன்னா பேஷண்ட்கிட்ட பேக்கேஜ் பணம் வாங்க மாட்டாங்க, எத்திக்ஸ் கமிட்டி பேப்பர் குடுத்து கையெழுத்து வாங்குவாங்க. பேக்கேஜ், இஎம்ஐ, "இன்னைக்கு கட்டுனா டிஸ்கவுண்ட்" எல்லாம் இருந்தா அது வியாபாரம்.

சரி, இம்பிளாண்ட்னா உள்ள என்ன தான் வைப்பாங்க?

ரெண்டு வகை. ஒண்ணு வளையற ராடு, நடுவுல மெட்டல் கம்பி, வெளிய சிலிக்கான், ரெண்டு பக்க அறைலயும் ஒவ்வொண்ணு. எப்பவும் கெட்டியாவே இருக்கும், வேணும்போது நிமித்தி, மத்த நேரம் கீழ வளைச்சு விட்டுக்கணும். இன்னொண்ணு பம்ப் வகை, மூணு பாகம்: ஆணுறுப்புக்குள்ள ரெண்டு சிலிண்டர், விதைப்பைக்குள்ள ஒரு பம்ப், அடிவயித்துல சலைன் தண்ணி நிரப்புன ஒரு சின்ன பை. விதைப்பைல இருக்கற பம்ப்பை பிபி பார்க்கற மெஷினோட ரப்பர் பல்பை அமுக்கற மாதிரி அமுக்குனா தண்ணி பைல இருந்து சிலிண்டருக்கு போகும், விறைப்பு வரும், முடிஞ்சதும் பட்டனை அமுக்குனா தண்ணி திரும்ப பைக்கே போயிடும். வெளிய ஒயர், பேட்டரி எதுவும் கிடையாது.

இந்த பம்ப் ஐடியா ஒண்ணும் புதுசு இல்ல, ஹூஸ்டன்ல பிராண்ட்லி ஸ்காட்னு ஒரு யூராலஜிஸ்ட் டீம் 1973லயே கொண்டு வந்துட்டாங்க. வயாகராவுக்கு 25 வருஷம் முன்னாடி. இன்னைக்கு அதிகமா பேசப்படற ஏஎம்எஸ் 700, டைட்டன் எல்லாம் அதே அமைப்போட மெருகேறின வடிவம் தான். ஆபரேஷன் பெரும்பாலும் விதைப்பை பக்கத்துல ஒரு சின்ன கட்டிங் வழியாவே முடிஞ்சுடும், ஒண்ணு ரெண்டு நாள் ஆஸ்பத்திரி, வீக்கம் வலி ரெண்டு மூணு வாரம், பம்ப்பை எப்படி அமுக்கறதுன்னு சொல்லிக்குடுக்கறது நாலுல இருந்து ஆறு வாரம் கழிச்சு. அதுக்கு முன்னாடி நீங்களே ட்ரை பண்ணாதீங்க சாமி.

ராடு நல்லதா பம்ப் நல்லதா? காசு தான் சார் யோசிக்கிறேன்

பம்ப் தான் இயற்கைக்கு கிட்ட, இறக்கி விட்டா தெரியாது. ஆனா இறக்குமதி, சாமானுக்கே பல லட்சம் ஆகும். ராடுல இந்தியாலயே தயாரிக்கற ஷா இம்பிளாண்ட் இருக்கு, மும்பை டாக்டர் ரூபின் ஷா உருவாக்குனது, விலை அதுல ஒரு சின்ன பங்கு தான், உடையறதுக்கு பார்ட்ஸும் கிடையாது. கைல நடுக்கம், மூட்டுவலி, பக்கவாதம் இருக்கறவங்களுக்கு பம்ப் அமுக்கறது கஷ்டம், அவங்களுக்கு ராடே நிம்மதி. ஆனா வீட்ல லுங்கியோட இருக்கறவங்க, நீச்சல் போறவங்க, ராடு லேசா தெரியும்ங்கறதை யோசிச்சுக்கங்க. இன்சூரன்ஸ் இருந்தா நம்பி அட்மிட் ஆகாதீங்க, இது விலக்கு லிஸ்ட்ல இருக்கான்னு முன்னாடியே எழுத்துல பதில் வாங்கிடுங்க.

வச்சா சைஸ் பெருசாகுமா? ஃபீலிங் இருக்குமா? குழந்தை பிறக்குமா?

சைஸ் பெருசாகாது. கொஞ்சம் சின்னதா தோணுதுன்னு தான் நிறைய பேர் சொல்வாங்க, வருஷக்கணக்கா விறைப்பே இல்லாம திசு சுருங்கி இருக்கும்ல, அதுவும் ஒரு காரணம். முன்பக்க மொட்டு பழைய மாதிரி வீங்காது, ஏன்னா சிலிண்டர் அதுவரைக்கும் போறதில்ல. இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே யாராவது சொல்லியிருந்தா அப்புறம் வர்ற பாதி சண்டை வராது.

தொடு உணர்ச்சி, உச்சம், விந்து வர்றது, இதுக்கான நரம்பும் பாதையும் வேற, இம்பிளாண்ட் அதைத் தொடாது. முன்னாடி என்ன இருந்துச்சோ அது இருக்கும். ஆசையே இல்லாதவருக்கு ஆசை வராது, சீக்கிரம் வெளியேற்றமும் இதால சரியாகாது. ஸ்பெர்ம் உற்பத்தி விதைல நடக்குது, அதனால குழந்தைக்கு தடை இல்ல, ப்ராஸ்டேட்டை முழுசா எடுத்தவங்களுக்கு மட்டும் விந்து வெளிய வராது, அவங்களுக்கு ஐவிஎஃப் மாதிரி வழி தான். மொத்தத்துல இம்பிளாண்ட் குடுக்கறது கெட்டித்தன்மை ஒண்ணு தான், அது போதும்னு நினைக்கறவங்க தான் அப்புறமும் சந்தோஷமா இருக்காங்க.

எனக்கு சுகர் 15 வருஷமா இருக்கு. சீழ் பிடிச்சுடாதா?

இது தான் சரியான பயம். முதல் தடவை வைக்கறவங்கள்ல நூத்துக்கு ஒண்ணுல இருந்து மூணு பேருக்கு இன்ஃபெக்ஷன் வரும், சுகர் கட்டுப்பாட்டுல இல்லாதவங்களுக்கும் ரெண்டாவது தடவை மாத்தறவங்களுக்கும் இன்னும் அதிகம். வந்தா மாத்திரைல அடங்காது, பொதுவா மொத்த சாமானையும் வெளிய எடுத்தாகணும். 2001க்கு அப்புறம் ரிஃபாம்பிசின், மினோசைக்ளின்னு ஆன்டிபயாடிக் பூசின இம்பிளாண்ட் வந்ததுல இது நல்லாவே குறைஞ்சிருக்கு. ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் சராசரி) இறங்குற வரைக்கும் தேதி குடுக்க மாட்டேன்னு சில சர்ஜன் சொல்வாங்க, 8க்கு கீழ வரணும்பாங்க, கோவப்படாதீங்க, உங்க நல்லதுக்கு தான். மூணு மாசம் பீச்சுல நடங்க, சிகரெட்டை விடுங்க, சிலருக்கு அதுலயே மாத்திரை வேலை செய்ய ஆரம்பிச்சுடுது.

பிடிக்கலன்னா எடுத்துட்டு பழையபடி மாத்திரைக்கு போயிடலாமா?

முடியாது. சிலிண்டர் வைக்கறதுக்காக உள்ள இருக்கற திசுவை விரிச்சு இடம் பண்ணிடுவாங்க, அதுக்கு அப்புறம் இயற்கையா ரத்தம் நிரம்பி எழும்பறது நடக்காது. அதனால தான் மத்ததெல்லாம் முடிச்சுட்டு கடைசியா இது. பம்ப் வகை பத்து வருஷம் கழிச்சும் பெரும்பாலானவங்களுக்கு ஓடுது, பதினைஞ்சு வருஷம் ஓடறதும் உண்டு, ஆனா மெஷின் தானே, ஒரு நாள் லீக் ஆகும், அப்போ ஆபரேஷன் பண்ணி மாத்தணும். உள்ள இருக்கறது சலைன், லீக் ஆனா உடம்புக்கு கெடுதல் இல்ல. 45 வயசுல வைக்கறவர் ஒரு தடவையாவது மாத்த வேண்டி வரும்னு நினைச்சே காசு கணக்கு போடணும்.

நான் அவரோட வைஃப். அவருக்கு தெரியாம கேக்கறேன். எனக்கு வித்தியாசம் தெரியுமா? என்கிட்ட கேக்காமலே வச்சுக்கலாமா?

சட்டப்படி அவர் உடம்பு, அவர் கையெழுத்து போதும் அக்கா. ஆனா நல்ல சர்ஜன் உங்களையும் ஒரு தடவை கூட்டிட்டு வர சொல்வாரு. உங்களுக்கு வலிக்காது, உள்ள இருக்கறது தொட்டா தான் தெரியும், பம்ப் அமுக்கறதை நீங்களே கூட செய்யலாம். என் அனுபவத்துல பெண்கள் கேக்கறது இதை விட வேற: "இத்தனை வருஷம் என் மேல தான் இஷ்டம் இல்லன்னு நினைச்சுட்டு இருந்தேன்"னு. அவர் விலகிப் போனது அவமானத்துல, உங்க மேல வெறுப்புல இல்ல. மெனோபாஸ் தாண்டியிருந்தா வறட்சி இருக்கும், கைனகாலஜிஸ்ட்டையும் ஒரு தடவை பாருங்க, அவருக்கு மட்டும் ரெடி பண்ணி பிரயோஜனம் இல்ல.

ஜிம் கோச் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட சொன்னாரு, ஆண்மையும் ஏறுமாமே?

குழந்தை வேணும்னா தொடாதீங்க ப்ரோ. வெளிய இருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தா மூளை விதைக்கு அனுப்புற சிக்னலை நிறுத்திடும், விதை சுருங்கும், ஸ்பெர்ம் ஜீரோ வரைக்கும் போகும். கவுண்ட் ஏறட்டும்னே இந்த ஊசி போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க, அது தான் கொடுமை. நிறுத்துனா பெரும்பாலும் திரும்பும், மாசக்கணக்குல ஆகும். லெவல் பார்க்கணும்னா காலைல எடுக்கணும், ரெண்டு வேற வேற நாள்ல எடுக்கணும், சாயந்திரம் எடுத்த ஒரு ரிப்போர்ட்டை வச்சு ஊசி ஆரம்பிக்கக் கூடாது.

ஸ்பெர்ம் கவுண்ட் 12 மில்லியன்னு வந்திருக்கு. நான் ஆம்பளையே இல்லையா?

கவுண்ட்டுக்கும் விறைப்புக்கும் சம்பந்தமே இல்ல, ரெண்டும் வேற டிபார்ட்மெண்ட். உலக சுகாதார நிறுவனத்தோட 2021 விந்து பரிசோதனை புத்தகத்துல மில்லிக்கு 16 மில்லியன், அசைவு 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம்னு கீழ் எல்லை போட்டிருக்கு, குழந்தை பெத்தவங்கள்லயே அஞ்சு சதவீதம் பேர் அதுக்கு கீழ இருந்தாங்கன்னு தான் அதுக்கு அர்த்தம். ஸ்பெர்ம் உருவாக ரெண்டரை மாசம் ஆகுது, நடுவுல டெங்கு, டைஃபாய்டு காய்ச்சல் வந்திருந்தாலே குறையும். இன்னொரு தடவை எடுங்க, எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டுல இருந்து ஏழு நாள் விந்து வெளியேறாம இருக்கணும். விதைப்பைல ரத்தக்குழாய் புடைச்சு இருக்கற வெரிகோசீல் இருக்கான்னு டாக்டர் நிக்க வச்சு கையாலயே பார்ப்பாரு. மாமியார் மருமகளை மட்டும் கூட்டிட்டு அலையற வீட்டுக்கு சொல்றேன், பையனோட டெஸ்ட்டை முதல் வாரமே எடுத்துடுங்க, இருக்கறதுலயே சுலபமான டெஸ்ட் அது தான்.

பையனுக்கு விதை முறுக்கிக்கிட்டு ஒண்ணு எடுத்துட்டாங்க. கல்யாணத்துக்கு முன்னாடி செயற்கை விதை வைக்கலாமா?

வைக்கலாம், சிலிக்கான்ல வருது, தோற்றத்துக்கு மட்டும் தான். மிச்சம் இருக்கற ஒண்ணு நல்லா இருந்தா ஹார்மோனுக்கும் குழந்தைக்கும் அதுவே போதும், வைக்கலன்னாலும் குறை இல்ல, பையன் என்ன நினைக்கிறான்னு அவன்கிட்டயே கேளுங்க. மத்த அப்பா அம்மாவுக்கு: பையன் திடீர்னு விதைல பயங்கர வலின்னு சொன்னா ஆறு மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரி, வெக்கத்துல அவன் வயித்து வலின்னு கூட சொல்லுவான்.

ப்ராஸ்டேட் கேன்சர் ஆபரேஷனுக்கு அப்புறம் யூரின் ஒழுகிட்டே இருக்கு. அதுக்கும் இம்பிளாண்ட் உண்டாமே?

உண்டு, செயற்கை ஸ்பிங்க்டர்னு சொல்வாங்க, ஏஎம்எஸ் 800 மாடல் 1983ல இருந்து இருக்கு. யூரின் குழாயை சுத்தி ஒரு பட்டை, விதைப்பைல பம்ப். அமுக்குனா பட்டை தளர்ந்து யூரின் போகும், சில நிமிஷத்துல தானே மூடிக்கும். ஆனா ஆபரேஷன் முடிஞ்ச உடனே ஓடாதீங்க, இடுப்புத்தள தசை பயிற்சி பண்ணா நிறைய பேருக்கு ஆறு மாசம் ஒரு வருஷத்துல ஒழுகறது குறைஞ்சுடும்.

சென்னைல எங்க போறது? பிரைவேட் தான் வழியா?

முதல்ல சுகர், பிபி பார்க்கற உங்க டாக்டர்கிட்டயே சொல்லுங்க. சென்ட்ரல் எதிர்ல ஜிஹெச், கீழ்ப்பாக்கம், ஸ்டான்லி மூணுலயும் யூராலஜி இருக்கு, பரிசோதனை, மாத்திரை வரைக்கும் அங்கயே பார்க்கலாம். கூட்டத்துல சொல்ல கூச்சமா இருந்தா ஒரு துண்டு சீட்டுல எழுதி டாக்டர்கிட்ட நீட்டுங்க, நிறைய பேர் அப்படித்தான் பண்றாங்க. இம்பிளாண்ட் வரைக்கும் போனா சர்ஜன்கிட்ட "இது வரைக்கும் எத்தனை வச்சிருக்கீங்க, ரெண்டு வகையும் வைப்பீங்களா"ன்னு நேராவே கேளுங்க, அனுபவம் கூட கூட சிக்கல் குறையற ஆபரேஷன் இது.

இம்பிளாண்ட் இருக்கும்போது எம்ஆர்ஐ, யூரின் டியூப், ஏர்போர்ட் செக்கிங் இதெல்லாம்?

இப்போ வர்ற மாடல்ல பெரும்பாலானதுக்கு எம்ஆர்ஐ எடுக்கலாம், ஆனா மாடல் பேர் போட்ட கார்டு குடுப்பாங்க, அதை ஸ்கேன் சென்டர்ல காட்டணும். அந்த கார்டை போட்டோ எடுத்து போன்லயும் வச்சுக்கங்க, துபாய் சிங்கப்பூர் போறவங்களுக்கும் உதவும். யூரின் டியூப் போடலாம், இம்பிளாண்ட் இருக்கற அறை வேற, யூரின் குழாய் வேற, ஆனா போடறவங்ககிட்ட முன்னாடியே சொல்லி, பம்ப் வகைன்னா தண்ணியை இறக்கிட்டு போட சொல்லணும். மயக்கத்துல இருந்தா உங்களால சொல்ல முடியாதுல்ல, அதனால வீட்ல ஒருத்தருக்காவது இந்த விஷயம் தெரிஞ்சிருக்கணும். ஹெர்னியா மாதிரி அடிவயித்துல எந்த ஆபரேஷன் வந்தாலும் அந்த சர்ஜனுக்கும் சொல்லுங்க, தண்ணிப் பை அங்க தான் இருக்கு, தெரியாம கத்தி பட்டா போச்சு.